கிளீனர் ஓடிய பிறகு பிரவுசர் தகராறு: எந்த வழியில் சரிசெய்வது?

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஒரு கிளீனர் புரோகிராமை ஓட்டுகிறோம். "3 ஜிபி இடம் மிச்சம்" என்று பெருமையாக ஒரு பெட்டி எழுகிறது. அடுத்து குரோமைத் திறந்தால் ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்கிறது. நேற்றுத் திறந்து வைத்த டேப்கள் ஒன்றுகூட இல்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பழுதாகிவிட்டதாகச் சொல்கிறது. மெயிலில் வந்த லிங்க்கை கிளிக் செய்தால் எதுவுமே திறப்பதில்லை. எல்லாம் ஒருவருக்கே நடப்பதில்லை என்றாலும், இவற்றில் ஒன்றில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: ரீசெட் பண்ணலாமா, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணலாமா, இல்லை சிஸ்டம் ரீஸ்டோர் போய்விடலாமா?

பெரும்பாலானவர்கள் முதலில் கைவைப்பது அன்இன்ஸ்டாலில்தான். இருக்கிற வழிகளில் இந்தக் கோளாறுக்கு மிகக் குறைவாக உதவுவதும் அதுவே. ஏன் என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இங்கே பேசுவது விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஓடும் குரோம், ஃபயர்பாக்ஸ் பற்றி. எட்ஜும் குரோமைப் போலவே குரோமியம் அடித்தளத்தில் கட்டப்பட்டது என்பதால், குரோமுக்குச் சொல்வது அதற்கும் பெருமளவு பொருந்தும்.

## எதைத் தொடுவதற்கும் முன்

பிரவுசரை முழுவதும் மூடிவிட்டு, உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, அமைப்புகள் எல்லாம் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்கு காப்பி செய்யுங்கள். ஜன்னலை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் இல்லை என்று பார்த்த பிறகு காப்பி செய்வது நல்லது.

குரோமின் ஃபோல்டர், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா என்று போகும். ஃபயர்பாக்ஸுக்கு ஆப்டேட்டா, ரோமிங், மொஸில்லா, ஃபயர்பாக்ஸ், புரொஃபைல்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் தெரியும்.

கெட்டுப்போனதை எதற்குக் காப்பி எடுப்பது என்று தோன்றலாம். குரோம் உங்கள் புக்மார்க்குகளை ஒரு ஃபைலில் வைத்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே 'பேக்' என்று முடியும் பழைய பிரதி ஒன்றும் இருக்கும். பிரவுசரை நீங்கள் மறுபடி மறுபடி திறந்து சோதிக்கச் சோதிக்க, அந்தப் பழைய பிரதியின் மேலேயே புதிய, காலியான பட்டியல் எழுதப்பட்டுவிடும். பதற்றத்தில் பத்து முறை திறந்து மூடுகிறவர்கள் கடைசி நம்பிக்கையையும் அப்படித்தான் இழக்கிறார்கள்.

இந்தக் காப்பிக்கு ஓர் எல்லை உண்டு. குரோம் பாஸ்வேர்டுகளை விண்டோஸ் லாகினோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. எனவே அதே கணினியில், அதே விண்டோஸ் கணக்கில்தான் அவை திறக்கும். பென் டிரைவில் எடுத்துப்போய் வேறு கணினியில் போட்டால் புக்மார்க் கிடைக்கும், பாஸ்வேர்டு கிடைக்காது.

## எதை வைத்து அளப்பது

- போனது திரும்புமா, அல்லது பிரவுசர் மட்டும் ஓடத் தொடங்குமா? பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.
- சரிசெய்யும்போது புதிதாக எது போகும்? கிளீனர் விட்டுவைத்ததை ரீசெட் அழித்த கதைகள் உண்டு.
- தப்பாகிப்போனால் திரும்பி வர வழி இருக்கிறதா?
- மொத்தம் எவ்வளவு நேரம்? கிளிக் செய்யும் இரண்டு நிமிடத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்திலும் ஓடிபி வாங்கி உள்ளே போக ஆகும் அரைநாளையும் சேர்த்துக் கேட்கிறேன்.

இந்தக் கேள்விகளுக்கு எல்லோருக்கும் ஒரே விடை வராது. அடி எங்கே பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

## அடி பட்ட இடம்

கிளீனர்கள் பிரவுசரைத் தொடும் இடங்கள் மூன்று.

முதலாவது குக்கீ (தளங்கள் உங்கள் லாகினை நினைவில் வைக்கும் சிறு தகவல்), கேஷ் (பார்த்த பக்கங்களின் தற்காலிகப் பிரதி), ஹிஸ்டரி, முந்தைய டேப்கள். இவை போனது கோளாறு அல்ல. கிளீனரில் அந்த டிக் இருந்தது, அது சொன்னபடி செய்தது. எல்லாத் தளங்களிலும் லாகின் போய்விட்டது, மற்றபடி பிரவுசர் நன்றாகவே ஓடுகிறது என்றால் பிரச்சினை இந்த அளவோடு நிற்கிறது.

இரண்டாவது, புரொஃபைல் ஃபைல்கள் சேதமாவது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குரோமும் ஃபயர்பாக்ஸும் ஹிஸ்டரி, குக்கீ போன்றவற்றை எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ்களில் வைக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே 'ஜர்னல்' அல்லது 'டபிள்யூஏஎல்' என்று முடியும் துணை ஃபைல் ஒன்று உருவாகும். இன்னும் முதன்மை ஃபைலில் ஏறாத தகவல் அதில் இருக்கலாம். நடுவில் கரண்ட் போனாலும் டேட்டாபேஸ் உடையாமல் காப்பதும் அதுதான். பார்வைக்கு அது ஒரு தற்காலிக ஃபைல், குப்பை. பிரவுசரை வலுக்கட்டாயமாக மூடிவிட்டு ஒரு கிளீனர் அதை மட்டும் அழித்தால், முதன்மை ஃபைல் பாதியில் நின்றுவிடும்.

இது கற்பனை ஆபத்து அல்ல. 2020-இல் ஃபயர்பாக்ஸ் 79 வந்த சமயம், எக்ஸ்டென்ஷன்களின் அமைப்புகளைச் சேமிக்கும் முறை ஒரு புதிய டேட்டாபேஸுக்கு மாறியது. சிகிளீனர் என்ற கிளீனர் புரோகிராம் அந்த டேட்டாபேஸைச் சேர்ந்த ஃபைல்களைக் குப்பையோடு குப்பையாக அள்ளிப் போட்டது. எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன, அவற்றில் வருடக்கணக்காகச் செய்து வைத்த அமைப்புகள் போயின. சிகிளீனர் 5.71 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். பிரவுசர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பதிப்பு விடும் காலம் இது. எந்த ஃபைல் குப்பை, எது சரக்கு என்ற பட்டியலை வெளியாள் ஒருவர் எப்போதும் சரியாக வைத்திருப்பது கடினம்.

குரோமில் இதைவிடக் கொடுமையான இடம் ஒன்று உண்டு. யூசர் டேட்டா ஃபோல்டரில் 'லோக்கல் ஸ்டேட்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் திறக்கும் சாவி அதற்குள்தான் இருக்கிறது. அது போனால், பாஸ்வேர்டு ஃபைல் முழுசாகவே இருந்தாலும் படிக்க முடியாது. ஃபயர்பாக்ஸில் 'லாகின்ஸ்' ஃபைலும் 'கீ4' என்ற ஃபைலும் இதே மாதிரி ஒரு ஜோடி. பேக்கப்பிலிருந்து எடுப்பதானால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது இடம் பிரவுசருக்கு வெளியே, விண்டோஸில். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிளீனர் அழித்த பதிவுகளால் லிங்க்குகள் திறக்காமல் போவது, "கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்டு" என்ற பெட்டி வருவது, மீதம் விட்டுப்போன புராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் திருப்பிவிடும்) அமைப்பால் எந்தத் தளமும் வராமல் இருப்பது எல்லாம் இந்த வகை.

எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. குரோமில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தை கிளிக் செய்து கெஸ்ட் ஜன்னலைத் திறங்கள். அது உங்கள் புரொஃபைலைத் தொடாது. அதில் எல்லாம் சரியாக ஓடினால் கோளாறு புரொஃபைலுக்குள். அதிலும் தகராறு என்றால் கோளாறு வெளியே. எட்ஜிலும் அதே தளங்கள் வரவில்லை என்றால் பிரவுசரை விட்டுவிட்டு விண்டோஸைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் ஹெல்ப் மெனுவிலிருந்து ட்ரபிள்ஷூட் மோடு போகலாம். ஆனால் அது எக்ஸ்டென்ஷன், தீம் போன்றவற்றை நிறுத்திவிட்டு அதே புரொஃபைலில்தான் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். குரோமின் கெஸ்ட் ஜன்னலுக்கு இணையான சோதனை வேண்டுமானால் புதிய புரொஃபைல் ஒன்று உருவாக்கித்தான் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதைத் திருப்பித் தரும் | புதிதாக எது போகும் | திரும்பி வர முடியுமா | எப்போது சரி |
|---|---|---|---|---|
| மறுபடி லாகின் மட்டும் | எதையும் இல்லை | எதுவும் இல்லை | தேவையே இல்லை | குக்கீ மட்டும் போனபோது |
| பேக்கப், சிங்க் (கூகுள் / மொஸில்லா கணக்கில் சேர்ந்தவை) வழியாக மீட்பு | புக்மார்க், பாஸ்வேர்டு | அநேகமாக எதுவும் இல்லை | முடியும் | சில ஃபைல்கள் மட்டும் போனபோது |
| ரீசெட் / ரிஃப்ரெஷ் | ஒழுங்காக ஓடும் பிரவுசர் | குரோமில் லாகின்கள், ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் | ஃபயர்பாக்ஸில் ஓரளவு | அமைப்புகள் குழம்பியபோது |
| புதிய புரொஃபைல் | ஒழுங்காக ஓடும் பிரவுசர் | எதுவும் அழியாது, எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் | முழுமையாக | டேட்டாபேஸ் சேதமானபோது |
| மறுபடி இன்ஸ்டால் | புரோகிராம் ஃபைல்கள், லிங்க் பதிவுகள் | ஒரு தவறான டிக் போதும், எல்லாம் | முடியாது | பிரவுசர் தொடங்கவே மறுக்கும்போது |
| ரெஜிஸ்ட்ரி பேக்கப் / சிஸ்டம் ரீஸ்டோர் | விண்டோஸ் அமைப்புகள் | ரீஸ்டோரில், அண்மையில் போட்ட புரோகிராம்கள் | பெரும்பாலும் | ரெஜிஸ்ட்ரி அடிபட்டபோது |

## மறுபடி லாகின் செய்து, அத்தோடு விடுவது

போனது குக்கீ மட்டும் என்றால் இதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. குக்கீகளை எந்த சிங்க்கும் வைத்திருப்பதில்லை, எந்த ரீசெட்டும் திருப்பித் தராது. ரெகவரி புரோகிராம் போட்டுத் தேடலாமா என்றால், எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் அழித்த இடம் சீக்கிரமே உள்ளுக்குள் துடைக்கப்பட்டுவிடும், நம்பி உட்கார முடியாது. (அழித்த ஃபைலை மீட்கும் ரெகுவா என்ற புரோகிராமும் சிகிளீனரைச் செய்த அதே பிரிஃபார்ம் நிறுவனத்தின் தயாரிப்பு என்பது வேறு விஷயம்.)

மறைமுகச் செலவு ஓடிபிகள். உங்கள் கணினியை 'தெரிந்த கணினி' என்று வைத்திருந்த வங்கியும் கூகுளும் இப்போது அந்நியனாகப் பார்க்கும். வாட்ஸ்அப் வெப்பில் ஃபோனை எடுத்து மறுபடி க்யூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருக்கும் கணக்கில், பதிவான பழைய ஃபோன் எண் இப்போது கையில் இல்லை என்றால் அங்கேதான் உண்மையான சிக்கல். எனவே முக்கியமான கணக்குகளில் ஒவ்வொன்றாக நிதானமாக நுழையுங்கள். தப்பான பாஸ்வேர்டை ஐந்து தடவை போட்டுக் கணக்கைப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

## போன ஃபைலை மட்டும் மீட்பது

என் கணக்கில் முதலில் முயலவேண்டிய வழி இது. ஆனால் பலர் இப்படி ஒன்று இருப்பதையே அறிவதில்லை.

ஃபயர்பாக்ஸ் புக்மார்க்குகளுக்குத் தானாகவே தேதி வாரியாக பேக்கப் எடுத்து வைக்கிறது. புக்மார்க்குகளை நிர்வகிக்கும் லைப்ரரி ஜன்னலில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' என்ற பொத்தானுக்குள் 'ரீஸ்டோர்' போனால் தேதிகள் வரிசையாக நிற்கும். கிளீனர் ஓடிய நாளுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தால் முடிந்தது. இப்போது இருக்கும் புக்மார்க்குகள் நீங்கி அந்த நாளின் பட்டியல் வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

குரோமில் இப்படிப் பொத்தான் இல்லை. பிரவுசரை மூடிவிட்டு, காப்பி எடுத்த ஃபோல்டரில் 'டிஃபால்ட்' என்பதற்குள் 'புக்மார்க்ஸ்' ஃபைலும் அதன் 'பேக்' பிரதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபைல் அளவைப் பார்த்தாலே போதும். முதன்மை ஃபைல் ஓரிரு கேபி, பேக் பிரதி நூறு கேபி என்றால் பேக் பிரதியில்தான் உங்கள் புக்மார்க்குகள் இருக்கின்றன. அதற்கு முதன்மையின் பெயரைச் சூட்டி, குரோமின் ஃபோல்டரில் வைத்துத் திறங்கள்.

சிங்க் போட்டிருந்தவர்களுக்கு வேலை இன்னும் எளிது. கூகுள் கணக்கிலோ மொஸில்லா கணக்கிலோ மறுபடி நுழைந்தால், எதையெல்லாம் சிங்க் செய்ய வைத்திருந்தீர்களோ அதெல்லாம் வந்து சேரும். குரோமின் லோக்கல் ஸ்டேட் ஃபைல் போய்ப் பாஸ்வேர்டுகள் பூட்டிக்கொண்டாலும், கூகுள் கணக்கில் சேர்ந்திருந்தவை கூகுளின் பாஸ்வேர்டு மேனேஜர் தளத்தில் அப்படியே இருக்கும். ஆனால் சிங்க்கை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கணினியில் நீங்களே புக்மார்க்கை அழித்தால் மற்றக் கணினிகளிலும் அழியும். மொஸில்லாவும் சிங்க்கை பேக்கப் சேவையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறது.

எக்ஸ்டென்ஷன் மட்டும் பழுது என்றால் அதற்கும் பெரிய வைத்தியம் வேண்டாம். குரோமின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் பழுதானதன் கீழேயே 'ரிப்பேர்' என்று பொத்தான் வரும்.

## ரீசெட், ரிஃப்ரெஷ்

பெயர்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டு பிரவுசர்களிலும் இவை செய்வது வேறு வேறு.

குரோமில் செட்டிங்ஸுக்குள் ரீசெட் செய்தால் தொடக்கப் பக்கம், தேடுபொறி, பின் செய்த டேப்கள் பழைய நிலைக்குப் போகும். எக்ஸ்டென்ஷன்கள் அழியாது, அணைக்கப்படும். குக்கீ போன்ற தற்காலிகத் தரவுகள் போய்விடும். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு தங்கும். அதாவது கிளீனர் உங்கள் லாகின்களை விட்டுவைத்திருந்தாலும் ரீசெட் அவற்றை முடித்துவைக்கும். லாகின் போனதற்காக ரீசெட் செய்கிறவர்கள் மீதி இருந்த நாலு லாகினையும் சேர்த்து இழக்கிறார்கள்.

ஃபயர்பாக்ஸின் ரிஃப்ரெஷ் கிட்டத்தட்ட தலைகீழ். புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு மட்டுமல்ல, குக்கீகளையும் புதிய புரொஃபைலுக்கு எடுத்துச் செல்லும். எக்ஸ்டென்ஷன், தீம், தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகள், நீங்கள் மாற்றிய அமைப்புகள், பாதுகாப்புச் சான்றிதழ் விதிவிலக்குகள் போகும். பழைய புரொஃபைலை 'ஓல்டு ஃபயர்பாக்ஸ் டேட்டா' என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும். அந்த ஃபோல்டரை 'என்னவோ குப்பை' என்று உடனே அழித்துவிடாதீர்கள்.

அந்தச் சான்றிதழ் விஷயம் சிலருக்குப் பெரிய அடியாக இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போடுகிறவர்கள் எம்சைனர் என்ற சிறு புரோகிராமைத் தங்கள் கணினியிலேயே ஓட்டுகிறார்கள். பிரவுசர் அதோடு பேசுவது 127.0.0.1 என்ற உள்முகவரியில், 1585 போர்ட் வழியாக. அந்த இணைப்பின் சான்றிதழை ஃபயர்பாக்ஸ் தானாக நம்பாது. முதல்முறை அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, ஆபத்தை ஏற்றுத் தொடர்வதாகச் சொல்லியிருப்போம். ரிஃப்ரெஷ் செய்தால் அந்த ஒப்புதல் மறைந்துவிடும். எம்சைனர் கீழே ஓடிக்கொண்டிருக்கும், கையொப்பம் இருக்கும் யூஎஸ்பி டோக்கனில் விளக்கு எரியும், தளமோ எம்சைனரோடு இணைய முடியவில்லை என்னும். 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20 என்றால், 19-ஆம் தேதி சாயங்காலம் டோக்கனைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருப்பார்கள். செய்யவேண்டியது அந்த உள்முகவரியை ஃபயர்பாக்ஸில் பாதுகாப்பான இணைப்பாக ஒருமுறை திறந்து மறுபடி ஒப்புதல் தருவது மட்டும்தான்.

ஆக, எக்ஸ்டென்ஷன் மோதல், தேடுபொறி மாறிப்போனது, தொடக்கப் பக்கத்தில் ஏதோ விளம்பரத் தளம் என்பதுபோல அமைப்பு குழம்பிய தகராறுகளுக்கு ரீசெட் நல்லது. ஃபயர்பாக்ஸ்காரர்கள் கொஞ்சம் தைரியமாகச் செய்யலாம், குரோம்காரர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

## புதிய புரொஃபைல்

குரோம் திறக்கும்போதெல்லாம் புரொஃபைலில் பிழை என்று பெட்டி வருகிறது, அல்லது ஹிஸ்டரி எழுதப்படுவதே இல்லை, ஆனால் கெஸ்ட் ஜன்னல் சரியாக ஓடுகிறது என்றால் டேட்டாபேஸ் உடைந்திருக்கிறது. அதை ஒட்டவைக்க முயல்வதைவிடப் புதிதாகத் தொடங்குவது மேல்.

பழையது அப்படியே இருக்கும், புதியது பக்கத்தில் உருவாகும். தோற்றால் பழையதுக்கே திரும்பலாம். இந்தப் பட்டியலில் முற்றிலும் பின்வாங்கக்கூடிய பெரிய வைத்தியம் இது ஒன்றுதான், எனக்குப் பிடித்ததும் அதனால்தான். முதலில் பழைய புரொஃபைலிலிருந்து புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுபோங்கள். குரோம் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்யும் ஃபைலில் எல்லாம் பச்சையாகப் படிக்கும்படி இருக்கும். இம்போர்ட் ஆனதும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும்.

செலவு முழுக்க முழுக்க நேரம்தான். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், லாகின்கள், கேமரா, மைக் அனுமதிகள், தமிழ் எழுத்துரு அமைப்பு எல்லாம் மறுபடி. பழைய புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்துப் புதியதற்குள் கொட்டிவிட்டால் நேரம் மிச்சம் என்று சிலர் செய்வார்கள். உடைந்த ஃபைலும் கூடவே வந்துவிடும்.

## அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால்

பிரவுசரின் புரோகிராம் ஃபைல்கள் ஓரிடம், உங்கள் புரொஃபைல் வேறிடம். அன்இன்ஸ்டால் தொடுவது முதலாவதை. குரோமை அன்இன்ஸ்டால் செய்யும்போது, பிரவுசிங் தரவுகளையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு டிக் கட்டம் வரும். டிக் செய்யாவிட்டால் புரொஃபைல் அப்படியே இருக்கும், புதிதாகப் போட்ட குரோம் அதே உடைந்த புரொஃபைலைத் திறந்து அதே பிழையைக் காட்டும். டிக் செய்தால் மிச்சமிருந்ததும் போகும். ஒன்று வீண்வேலை, இல்லாவிட்டால் பேரிழப்பு. வாடகை வீட்டுச் சுவரில் விரிசல் என்று வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றுவது மாதிரி இது.

ஃபயர்பாக்ஸில் இன்னொரு குழப்பமும் சேரும். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தனிப் புரொஃபைல் என்ற முறை வந்தது. வேறு ஃபோல்டரில் மறுபடி இன்ஸ்டால் செய்தால் காலியான ஃபயர்பாக்ஸ் எழும். "எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைக்க வேண்டாம். பழைய புரொஃபைல் டிஸ்க்கிலேயே இருக்கும், ஃபயர்பாக்ஸின் புரொஃபைல்கள் பக்கத்தில் அதைத் தேர்ந்து முதன்மையாக்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் இந்த வழி எப்போது? கிளீனர் புரோகிராம் ஃபைல்களையே அழித்துவிட்டபோது. ஃபயர்பாக்ஸ் "எக்ஸ்பிகாம் லோடு ஆகவில்லை" என்று சொல்லி நின்றுவிடும், அல்லது குரோம் ஐகானை கிளிக் செய்தால் அசைவே இருக்காது. அப்போதும் அன்இன்ஸ்டால் செய்யாமல், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி இருப்பதன் மேலேயே ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போன ஃபைல்களும் ரெஜிஸ்ட்ரியில் பிரவுசருக்கான பதிவுகளும் பெரும்பாலும் அதிலேயே திரும்பிவிடும். புரொஃபைல் அசையாது.

## ரெஜிஸ்ட்ரி பேக்கப், சிஸ்டம் ரீஸ்டோர்

லிங்க் திறக்காத தகராறுக்கு முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் போய் உங்கள் பிரவுசரை மறுபடி தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடியும். எந்தத் தளமும் வராவிட்டால் நெட்வொர்க் அமைப்பில் புராக்ஸி பக்கத்தைப் பாருங்கள். 'இணைய வேகம் கூட்டும்' வேலையும் செய்கிற சில கிளீனர்கள் உள்ளூர் புராக்ஸி ஒன்றை வைத்துவிட்டு, அன்இன்ஸ்டால் ஆகும்போது அதை எடுக்காமல் போகும். நீங்கள் வைக்காத புராக்ஸி அங்கே இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அலுவலகக் கணினியானால் சிஸ்டம் அட்மினைக் கேட்டுவிட்டு.

அதிலும் சரியாகாவிட்டால், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் முன் பேக்கப் எடுக்கவா என்று கிளீனர் கேட்டதும் 'ஆம்' சொன்னீர்களா என்று நினைத்துப் பாருங்கள். சொன்னவர்கள் தப்பித்தார்கள். டாக்குமெண்ட்ஸில் இருக்கும் அந்த ஃபைலை இரண்டு கிளிக் செய்தால் அழித்த பதிவுகள் மட்டும் திரும்பி வரும். இந்த வகைக் கோளாறுக்கு இதைவிடக் குறிபார்த்த மருந்து கிடையாது. நாள் தள்ளிப்போனால் மதிப்புக் குறையும், ஏனென்றால் இடையில் நீங்கள் அன்இன்ஸ்டால் செய்த புரோகிராம்களின் பதிவுகளும் சேர்ந்து திரும்பலாம்.

சிஸ்டம் ரீஸ்டோர் கடைசி. அது ரெஜிஸ்ட்ரியையும் சிஸ்டம் ஃபைல்களையும் பழைய நாளுக்குக் கொண்டுபோகும். புக்மார்க், குக்கீ, ஹிஸ்டரி திரும்பும் என்று அதை நம்பிப் போகாதீர்கள், அதன் வேலை அது இல்லை. போன வாரம் போட்ட பிரிண்டர் டிரைவரும் புதிய புரோகிராமும் காணாமல் போகலாம். பல கணினிகளில் அது அணைந்தே கிடப்பதால், தேவைப்படும்போது திரும்பிப்போக ஒரு புள்ளிகூட இருக்காது.

## கிளீனரை வைத்துக்கொள்வதா?

பிரவுசர் சரியானதும் அடுத்த கேள்வி இது. அன்இன்ஸ்டால் செய்யுங்கள் என்பதே என் பக்கம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவுக் கொள்கையில் எழுதியே வைத்திருக்கிறது. கேஷ் அழிப்பதால் பிரவுசர் வேகமாவதும் இல்லை. அழித்த பிறகு முதல்முறை ஒவ்வொரு தளமும் மெதுவாகத்தான் திறக்கும், ஏனென்றால் எல்லாப் படங்களையும் மறுபடி இறக்க வேண்டும். கேஷ் அளவுக்குப் பிரவுசரே ஓர் எல்லை வைத்திருக்கிறது. பாதுகாப்புப் பக்கமும் யோசிக்க வேண்டும்: 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்பில், 32 பிட் கணினிகளுக்கான புரோகிராமுக்குள்ளேயே தாக்குபவர்கள் தீநிரலை வைத்துவிட்டார்கள். அதிகாரப்பூர்வமாக, முறையான கையொப்பத்தோடு வெளியான பதிப்பு அது. சிஸ்கோ டாலோஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு செப்டம்பர் 18 அன்று அதை அம்பலப்படுத்தியது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்ததாக, அப்போது உரிமையாளராக இருந்த அவாஸ்ட் சொன்னது. எந்த புரோகிராமுக்கும் இது நடக்கலாம்தான். ஆனால் கணினியின் எல்லா மூலைக்கும் அனுமதி பெற்று உட்காரும் புரோகிராம் ஒவ்வொன்றும், அந்த அனுமதிக்கு ஈடாக ஏதாவது தர வேண்டும். கிளீனர் தருவது என்ன?

வைத்துக்கொள்வது நியாயமாகும் இடங்களும் இருக்கின்றன. பலர் உட்கார்ந்து எழும் பிரவுசிங் சென்டரில் குக்கீ அழிவதே நோக்கம். அங்கேயும் குரோமின் கெஸ்ட் ஜன்னலைப் பழக்கினால் வேலை தீரும். பழகிப்போனது, விடமுடியாது என்கிறவர்கள் குறைந்தபட்சம் இவற்றைச் செய்யுங்கள்: ரெஜிஸ்ட்ரி பகுதியைத் தொடாதீர்கள். பிரவுசர் பகுதியில் கேஷ் தவிர மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள், குறிப்பாக செஷன், சேமித்த பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் சுருக்குதல். குக்கீ பட்டியலில் வங்கி, மெயில் தளங்களை 'வைத்துக்கொள்' பக்கத்துக்கு நகர்த்துங்கள். பிரவுசரை மூடியதும் தானாகச் சுத்தம் செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். பிரவுசரை வலுக்கட்டாயமாக மூடவா என்று கேட்டால் 'இல்லை' சொல்லிவிட்டு, நீங்களே மூடிவிட்டு வாருங்கள்.

டிஸ்க்கில் உண்மையாகவே இடம் பற்றாக்குறை என்றால், 32 ஜிபி சேமிப்போடு வந்த மலிவு லேப்டாப்களில் இது நிஜமான தொல்லை, விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் போதும். தற்காலிக ஃபைல்களையும் ரீசைக்கிள் பின்னையும் அது பார்த்துக்கொள்ளும், குரோம், ஃபயர்பாக்ஸ் புரொஃபைல்களுக்குள் கைவைக்காது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இத்தனை நாள் திறக்காத ஃபைல்களை அழிக்கவா என்று ஒரு தேர்வு இருக்கிறது. பான் கார்டு, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று எல்லாவற்றையும் டவுன்லோட்ஸிலேயே விட்டுவைக்கிறவர்கள், அதை 'நெவர்' என்று மாற்றிவிட்டுத்தான் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்க வேண்டும்.